கல்லும் கம்பியும் பாடிய காலம்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயர் புவியியல் நூல்களில் ஏறியது அதன் சுண்ணாம்புக்கல்லினால். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் சிப்பிகள் அக்கல்லில் இன்னும் பதிந்து கிடக்கின்றன. நாம் பார்க்கப்போவது வேறொரு கல். காலினா என்பது அதன் பெயர்; ஈயமும் கந்தகமும் சேர்ந்த, பளபளக்கும் கனிமம். அதில் பட்டாணியளவு துண்டு ஒன்று, ஒரு கம்பிச்சுருள், காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்று. இவற்றைக் கொண்டு 1920-களில் ஆர்வலர்கள் தம் வீட்டிலேயே வானொலிப் பெட்டி செய்துகொண்டார்கள். பாட்டரிகூடத் தேவைப்படவில்லை!

அது எப்படி என்கிறீர்களா? வானொலி அலை ஏரியலைத் தொட்டதும் அதில் மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. அது வினாடிக்குப் பல லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. காதுக் கருவியின் தகட்டால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தள்ளுவதும் இழுப்பதும் சரிக்குச் சரியாகிவிட, தகடு சும்மா இருந்துவிடும். ஆனால் காலினாவின் மேல் மெல்லிய கம்பி முனை ஒன்றைத் தொடவைத்தால், அந்த இடம் ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. ஒரு திசை ஓட்டமே எளிதில் கடக்கும். அது பாடுபவரின் குரலுக்கேற்ப ஏறி இறங்க, தகடு அதிர்கிறது; பாட்டுக் கேட்கிறது. கல்லின் எல்லா இடமும் இப்படி வேலை செய்யாது. கம்பி முனையால் தடவித் தடவி நல்ல இடத்தைத் தேட வேண்டும். ஆங்கிலேயர் அக்கம்பிக்கு வேடிக்கையாகப் பூனைமீசை என்று பெயரிட்டிருந்தனர். கல்லங்குறிச்சிக் கல்லை வைத்தால் பாடாது. சுண்ணாம்புக்கல் மின்சாரத்தைக் கடத்தாது. காலினாவோ குறைகடத்தி.

காலினாவின் இந்தப் பயனைக் கண்டு சொன்னவர் நம் ஜகதீச சந்திர போஸ். காப்புரிமையில் நாட்டமில்லாத அவர், நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-இல் விண்ணப்பித்தார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து அவர் பணம் பண்ணவில்லை.

கேட்கும் பெட்டி இருந்தால் போதுமா? பேசுவதற்கு ஒரு நிலையம் வேண்டுமே! சென்னையில் அதையும் ஆர்வலர்களே செய்தார்கள். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் இங்கிலாந்திலிருந்து உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து ஓர் ஒலிபரப்பியைத் தாமே பூட்டினார். 1924 மே 16-இல் சென்னை மாகாண வானொலி மன்றம் பிறந்தது. ஜூலை 31-இல் ஒலிபரப்புத் தொடங்கியது. கல்கத்தா மன்றம் மார்க்கோனி கம்பெனியிடம் இரவல் வாங்கிய கருவியில் பேசிக்கொண்டிருந்த காலம் அது! சென்னைக் கருவியின் ஆற்றல் முதலில் 40 வாட் மட்டுமே. நம் வீட்டுக் குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். பிறகு அது 200 வாட் ஆயிற்று. மாலை வேளைகளில் பாட்டும் பேச்சும் வானில் பரவின.

மன்றத்தை நடத்தியது ஆர்வம், நிறுத்தியது பணமுடை. 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் ஒரு கம்பெனி ஒலிபரப்பு நிலையங்களைத் திறந்தது. சென்னைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மன்றம் ஓய்ந்தது. வேறு யாராயிருந்தாலும் கருவியை விற்றுக் கடனை அடைக்கப் பார்த்திருப்பார்கள். மன்றத்தாரோ அதைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பத் தொடங்கியது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கும்படி பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. ஒரு சிலர் காதில் மாட்டிக் கேட்டது ஊர்ச் சொத்தாயிற்று! பணம் போட்டுத் தொடங்கிய அந்தக் கம்பெனியோ ஒரு மாதம் முன்பே, 1930 மார்ச்சில் கலைப்புக்கு வந்துவிட்டது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது 1938 ஜூன் 16-இல்தான்.

நீங்களும் ஒரு பெட்டி செய்து பார்க்கலாம். காலினாவுக்குப் பதில் ஜெர்மேனியம் டயோடு போதும். மத்திய அலை நிலையங்கள் குறைந்து வருகின்றன. ஆகவே உங்கள் ஊருக்கு ஏதேனும் எட்டுகிறதா என்று சாதாரண ரேடியோவில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியல் நீளமாக இருக்க வேண்டும். கல்லங்குறிச்சி போன்ற ஊர்களில் திறந்த வெளிக்குப் பஞ்சமில்லை. இரண்டு மரங்களுக்கிடையே கட்டிவிடலாம். மின்கம்பிகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள். இடி மின்னல் காலத்தில் ஏரியலைத் தொடவே வேண்டாம். தரையிணைப்புக்கு ஈரமான மண் நல்லது.