தாயின் கையில் ரொக்கப் பணம்: மெக்ஸிகோ திட்டம் காட்டியது என்ன?

ஏழைக் கிராமக் குடும்பங்களுக்கு உணவுப் பொருளைக் கொடுப்பதா, பணத்தையே கொடுப்பதா என்ற விவாதத்தில் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படும் நாடு மெக்ஸிகோ. 1997ஆம் ஆண்டில் 'ப்ரோக்ரெஸா' என்ற பெயரில் அங்கு தொடங்கிய திட்டம், பின்னர் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது.

1994 டிசம்பரில் மெக்ஸிகோ நாணயமான பெசோவின் மதிப்பு சரிந்தது; அடுத்த ஆண்டு பொருளாதாரம் சுமார் 6 சதவீதம் சுருங்கியது. சோள ரொட்டிக்கு அரசு அளித்துவந்த மானியத்தின் பயன் பெருமளவு நகரவாசிகளுக்கே போய்ச் சேர்ந்தது. மலைக் கிராமத்துச் சோள விவசாயிக்கு அதனால் கிடைத்தது மிகச் சொற்பம். நிதித்துறை துணை அமைச்சராக இருந்த பொருளாதார நிபுணர் சான்டியாகோ லெவி, மானியத்தைப் படிப்படியாக விலக்கிவிட்டு ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று வாதிட்டார்.

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்ட இந்தத் தொகை குடும்பத் தலைவரிடம் அல்ல, தாயிடமே கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல வேண்டும், குடும்பத்தினர் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதல் தொகை கிடைத்தது.

பணம் எங்கே போனது?

கையில் காசு கிடைத்தால் வீணடித்துவிடுவார்கள் என்பது பொதுவான அச்சம். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் பலருக்கும் இந்தச் சந்தேகம் புதிதல்ல. ஆனால் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய உதவித்தொகையால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு பொதுவாக அதிகரிப்பதில்லை எனத் தெரிவித்தது.

மெக்ஸிகோ குடும்பங்கள் பெற்ற ஒவ்வொரு பெசோவிலும் சுமார் 74 சதம் அன்றாடத் தேவைகளுக்குச் செலவானதாகவும், எஞ்சியது முதலீடாக மாறியதாகவும் 2012இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. முதலீடு என்றால் பெரிய தொழில் அல்ல. கால்நடைகள், சிறு வியாபாரம் போன்றவையே. வங்கிக் கடன் கிடைக்காத ஒரு குடும்பத்துக்கு, குறித்த காலத்தில் தவறாமல் வரும் சிறுதொகையே துணிந்து எதையாவது தொடங்குவதற்கான பலமாகிறது. பணத்தின் அளவைவிட அதன் நிச்சயத்தன்மையே முக்கியம் என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

இந்த அளவுக்கு விவரங்கள் தெரியவந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க நிதி போதவில்லை. எனவே, 506 கிராமங்களில் 320 கிராமங்கள் 1998இல் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. மற்ற 186 கிராமங்கள் பின்னரே சேர்க்கப்பட்டன. இரு பிரிவுகளையும் ஒப்பிட்டபோது, பெண் பிள்ளைகளின் இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை குறிப்பாக உயர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி அதிபர் பதவியை இழந்தபோதும் திட்டம் பிழைத்துக்கொண்டதற்கு இந்தப் புள்ளிவிவரங்களும் உதவின. ஆட்சி மாறினால் பழைய திட்டம் மறைவதே அந்நாட்டின் வழக்கம்.

நிபந்தனை தேவையா?

பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள் என்றாலும், தேர்வு மதிப்பெண்களில் அதற்கேற்ற முன்னேற்றம் தென்படவில்லை. ஆசிரியரும் வசதியும் இல்லாத பள்ளியைப் பணம் சீர்செய்துவிடாது. கூட்டங்களுக்கும் மருத்துவ நிலையத்துக்கும் அலையும் சுமை முழுவதும் தாய்மார் மீது விழுந்ததாகப் பெண்ணிய ஆய்வாளர்கள் விமர்சித்தனர்.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு சோதனை இதைக் கூடுதலாக விளக்குகிறது. நிபந்தனையுடன் பணம் பெற்ற மாணவிகளின் பள்ளி வருகை அதிகரித்தது. ஆனால் இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் குறைந்தது நிபந்தனையின்றிப் பணம் பெற்றவர்களிடையேதான். படிப்பை இடைநிறுத்திய பெண்ணுக்குத்தான் பணம் அதிகம் தேவைப்படுகிறது. நிபந்தனை முதலில் விலக்குவதும் அவளையே.

மெக்ஸிகோ திட்டம் 2002இலும் 2014இலும் பெயர் மாறி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டியது. 2019இல் அதிபர் லோபெஸ் ஒப்ரடோரின் அரசு அதனைக் கலைத்து, கல்வி உதவித்தொகைகளை மட்டும் வேறு பெயரில் வழங்கியது. தாய்மாரையும் மருத்துவ நிலையத்தையும் இணைத்திருந்த நிபந்தனை அத்துடன் நீங்கியது.