மூளைச்சாவு

மூளைத்தண்டு உள்ளிட்ட மூளையின் செயல்பாடுகள் இனி ஒருபோதும் திரும்பாதபடி முற்றாக நின்றுபோன நிலை மூளைச்சாவு எனப்படும். வென்டிலேட்டர் எனும் செயற்கை சுவாசக் கருவி இயங்கும்வரை, இந்நிலையில் உள்ளவரின் இதயம் துடிக்கும், உடல் சூடாக இருக்கும், சிறுநீர் பிரியும். எனினும் மருத்துவ உலகமும் பெரும்பாலான நாடுகளின் சட்டங்களும் இதை மரணம் என்றே ஏற்றுள்ளன.

மூளைச்சாவு குறித்த விவாதத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மூளை செயலிழந்துவிட்டதா என்பது மருத்துவச் சோதனைகளால் விடை காணத்தக்கது. அந்த நிலையை மரணம் என்று கொள்வது சரியா என்பது மெய்யியல் கேள்வி. அவ்வாறு கொண்டபின் அந்த உடலையும் குடும்பத்தையும் எப்படி நடத்த வேண்டும் என்பது அறக்கேள்வி. இவை ஒன்றோடொன்று குழம்பும்போதுதான் மருத்துவர்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

உடலியல் அடிப்படை

தலைக்காயம், மூளை இரத்தக்கசிவு, இதயத்துடிப்பு நின்றுபோவதால் ஏற்படும் ஆக்சிஜன் இழப்பு ஆகியவை மூளைச்சாவின் முதன்மைக் காரணங்கள். காயமுற்ற மூளை வீங்கும்போது, விரிய இடமில்லாத மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரத்த அழுத்தத்தை அது மிஞ்சியதும் மூளைக்கு இரத்தம் செல்வது நின்றுவிடுகிறது.

சுவாசத்தைத் தூண்டும் மையம் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ளது. ஆகவே மூளைத்தண்டு செயலிழந்தால் மூச்சு நின்றுவிடும். இதயத்துக்கோ துடிப்பைத் தோற்றுவிக்கும் முடிச்சு அதனுள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளையின் கட்டளை இல்லாமலும் அது துடிக்கும்.

கோமா, தன்னுணர்வற்ற விழிப்புநிலை ஆகியவை மூளைச்சாவிலிருந்து வேறானவை. கோமாவில் இருப்பவர் மீளக்கூடும். தன்னுணர்வற்ற விழிப்புநிலையில் இருப்பவர் கருவியின் துணையின்றி மூச்சுவிடுவார், கண் திறப்பார், உறங்கி விழிப்பார். இவ்விரு நிலைகளில் உள்ளவர்களும் சட்டப்படியும் மருத்துவப்படியும் உயிருள்ளவர்களே. முறையான சோதனைகளால் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்ட ஒருவர் மீள்வதில்லை.

வரலாறு

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்கு மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் கட்டிலருகே அமர்ந்து, கையால் ரப்பர்ப் பையை அழுத்தி அக்குழாய்வழியே காற்றைச் செலுத்தினர். இறந்திருக்க வேண்டிய பலர் பிழைத்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அமைப்பு இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது.

அதே தொழில்நுட்பம் இதற்குமுன் இருந்திராத ஒரு நிலையையும் உருவாக்கியது. 1959இல் பாரிஸ் மருத்துவர்களான மொல்லாரேவும் குலோனும், கோமாவையும் தாண்டிய நிலையில் கருவியோடு கிடந்த 23 நோயாளிகளை விவரித்தனர். அதற்கு ஈராண்டு முன்பே, மயக்கவியல் மருத்துவர்களிடையே உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், நம்பிக்கையற்ற நிலையில் அசாதாரண சிகிச்சைகளைத் தொடரும் கடமை மருத்துவருக்கு இல்லை என்றும், மரணத் தருணத்தை வரையறுப்பது மருத்துவத்தின் பொறுப்பு என்றும் கூறியிருந்தார்.

1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்தியான் பர்னார்ட் மனிதரிடமிருந்து மனிதருக்கு முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். இதயத்தைக் கொடுத்தவர் எந்தக் கணத்தில் இறந்தார் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. 1968 ஆகஸ்டில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் குழு, ‘மீளாக் கோமா’ என்று தான் அழைத்த மூளைச்சாவு நிலையை மரணத்துக்கான புதிய அளவுகோலாக முன்மொழிந்தது. குழுவின் தலைவர் ஹென்றி பீச்சர், நோயாளிகளின் ஒப்புதலின்றி நடந்த ஆய்வுகளை 1966இல் அம்பலப்படுத்தி மருத்துவ அறவியலில் இடம்பெற்றவர். புதிய அளவுகோலுக்குக் குழு இரண்டு காரணங்கள் சொன்னது: பயனற்ற சிகிச்சை குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் தரும் சுமை ஒன்று, பழைய வரையறை உறுப்பு மாற்றில் தோற்றுவிக்கும் சர்ச்சை மற்றொன்று. இரண்டாவது காரணத்தை வெளிப்படையாகச் சொன்னதே பின்னாளைய ஐயங்களுக்கு வித்தாயிற்று.

உறுதிசெய்யும் முறை

முதற்படி, மூளைச்சாவைப்போலத் தோன்றும் பிற நிலைகளை விலக்குவது. மூளை பாதிக்கப்பட்டதன் காரணம் தெரிந்திருக்க வேண்டும். உடல் குளிர்ந்திருத்தல், மயக்க மருந்து, நஞ்சு, கடுமையான வளர்சிதை மாற்றக் கோளாறு ஆகியவை இருக்கக் கூடாது. இந்தியாவில் கட்டுவிரியன் கடி தனிக் கவனத்துக்குரியது. அதன் நஞ்சு தசைகளை முற்றாக முடக்குவதால் கண்மணி அசையாது, கை கால் அசையாது, மூச்சும் வராது; ஆனால் மூளை நலமாகவே இருக்கும். பாம்பு தீண்டியவரைச் சரியாக அறியாமல் மூளைச்சாவு என்று முடிவுகட்டினால், பிழைக்கக்கூடிய ஒருவரை இழக்க நேரும்.

அடுத்து மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. கண்மணியில் ஒளி பாய்ச்சினால் அது சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் பனிக்கட்டி நீர் விட்டால் விழி நகர்கிறதா, மூச்சுக்குழாயில் உறிஞ்சுகுழாயைச் செலுத்தினால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இறுதியானது சுவாசமின்மைச் சோதனை. ஆக்சிஜனை நிறையக் கொடுத்தபின் வென்டிலேட்டர் இணைப்பு அகற்றப்படும். மெல்லிய குழாய்வழி ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மருத்துவர் ஆடையை விலக்கி, மார்பும் வயிறும் அசைகின்றனவா என்று சில நிமிடங்கள் பார்த்திருப்பார். இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தை எட்டிய பிறகும் மூச்சுக்கான முயற்சி சிறிதும் இல்லையென்றால், சுவாச மையம் செயலிழந்துவிட்டது என்று பொருள்.

மூளைச்சாவுக்குப் பிறகும் விரல் அசையலாம், அரிதாகக் கைகள் உயர்ந்து மார்பின் மேல் சேரலாம். இவை தண்டுவட அனிச்சைகள். முன்கூட்டியே சொல்லப்படாத குடும்பத்தாருக்கு இந்த அசைவு பேரதிர்ச்சியைத் தரும்.

சட்டம்

அமெரிக்காவில் 1981இல் முன்வைக்கப்பட்ட மாதிரிச் சட்டம், இரத்த ஓட்டமும் சுவாசமும் மீளாதபடி நிற்பது, அல்லது மூளைத்தண்டு உள்ளிட்ட முழு மூளையின் எல்லாச் செயல்பாடுகளும் மீளாதபடி நிற்பது என இரண்டில் ஒன்றை மரணமாக ஏற்றது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் மூளைத்தண்டே அளவுகோல்.

ஜப்பானின் வரலாறு வேறானது. 1968இல் சப்போரோவில் இதய மாற்று அறுவை செய்த வாதா ஜூரோமீது கொலைப் புகார் எழுந்தது. வழக்கு கைவிடப்பட்டாலும் பொதுமக்களின் அவநம்பிக்கை நீடித்தது. 1997இல்தான் அங்கு உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது.

இந்தியாவின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவர், அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள தனி நிபுணர் ஒருவர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை நிபுணர், சிகிச்சை அளிக்கும் மருத்துவர் என நால்வர் சேர்ந்து சான்றளிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் சோதனைகள் இருமுறை செய்யப்படும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவினருக்கு இதில் இடமில்லை.

மெய்யியல் விவாதம்

மூளைச்சாவை மரணமாகக் கொள்வதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம், உடலை ஒருங்கிணைத்து ஓருயிராக வைத்திருப்பது மூளையே என்பது. அமெரிக்க நரம்பியலாளர் ஆலன் ஷியூமன் 1998இல் இதை வலுவாக எதிர்த்தார். மூளைச்சாவுக்குப் பின் ஒரு வாரத்துக்கு மேல் உடல் நீடித்த சுமார் 175 நிகழ்வுகளை அவர் தொகுத்தார். அத்தகைய உடல்களில் புண் ஆறுகிறது, குழந்தைகள் வளர்கின்றனர், கர்ப்பம் தொடர்கிறது; ஆகவே ஒருங்கிணைப்பு மூளையை மட்டும் சார்ந்ததன்று என்பது அவர் வாதம்.

2008இல் அமெரிக்க அதிபரின் உயிரியல் அறவியல் மன்றம் வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. சூழலோடு உறவாட வேண்டும் என்ற உள்ளுந்துதல் உயிரின் அடையாளம். மூச்சுக்கான முனைப்பும் உணர்வும் இரண்டுமே இல்லாதபோது அது மறைந்துவிடுகிறது என்றது அம்மன்றம்.

உயிரியல் அறவியலாளர் ராபர்ட் வீச் போன்றோர், தன்னுணர்வுக்கான ஆற்றல் நிரந்தரமாகப் போனாலே மனிதர் இறந்துவிட்டார் என்றனர். இதை ஏற்றால், தானே மூச்சுவிடும் உடலையும் பிணமாகக் கருத நேரும். மறுபக்கம் மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ், உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கோடு துல்லியமாகத் தெரியாதபோது உயிரின் பக்கமே சாய வேண்டும் என்றார். உறுப்புகளின் பயன்பாடு மரணத்தின் வரையறையை வளைத்துவிடக் கூடாது என்பதே அவருடைய அடிப்படைக் கவலை.

இந்த விவாதங்கள் சோதனைகளின் நம்பகத்தன்மையைக் குறைப்பதில்லை. இனி உணர்வும் மூச்சும் திரும்பாது என்ற முன்கணிப்பில் இத்தரப்பினரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

குடும்பமும் மருத்துவரின் கடமையும்

சாலை விபத்து நடந்த மறுநாளே, மார்பு ஏறி இறங்கும் மகனைக் காட்டி அவன் இறந்துவிட்டான் என்று சொல்லும்போது, பெற்றோரின் கண்ணும் கையும் அதை நம்ப மறுக்கின்றன. இங்கு மருத்துவர் பயன்படுத்தும் சொற்கள் முக்கியமானவை. இறந்துவிட்டார் என்று சொன்ன வாயாலேயே, கருவியால்தான் உயிரோடு இருக்கிறார் என்றும் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

மரணச் செய்தியையும் உறுப்பு தானக் கோரிக்கையையும் பிரித்து வைப்பது இத்துறையின் அடிப்படை நெறி. முதலில் மரணம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். குடும்பம் அதை உள்வாங்க நேரம் தரப்பட வேண்டும். அதன் பிறகே, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் தானம் பற்றிப் பேசலாம். மறுப்பதற்கான உரிமையும் அப்போதே சொல்லப்பட வேண்டும். சிகிச்சைக் கட்டணத்தைக் காட்டியோ அவசரப்படுத்தியோ பெறும் கையெழுத்து ஒப்புதலாகாது.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் 2008இல் அரசாணைகள்வழி ஒழுங்குபடுத்தப்பட்ட உறுப்பு தானத் திட்டம் உருவானது. அவ்வாண்டு செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மகனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானமளித்தனர். போக்குவரத்தை நிறுத்திச் சென்னைச் சாலைகளில் அவனுடைய இதயம் கொண்டுசெல்லப்பட்ட செய்தி, மக்கள் மனத்தில் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. பின்னர் தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று ஆணையம் அமைக்கப்பட்டது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது.

தீராத சிக்கல்

இந்தியாவில் மூளைத்தண்டுச் சாவு வரையறுக்கப்பட்டிருப்பது உறுப்பு மாற்றுச் சட்டத்தில் மட்டுமே. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதையே மரணம் என்கிறது. தானத்துக்குக் குடும்பம் சம்மதித்தால் அவர் இறந்தவர். சம்மதிக்காவிட்டால் அதே மனிதர் வென்டிலேட்டரில் நோயாளியாகத் தொடர்கிறார், மருத்துவர் கருவியை அகற்றத் தயங்குகிறார், செலவு குடும்பத்தின் தலையில் ஏறுகிறது.

மரணம் என்பது உறுப்பின் தேவையைப் பொறுத்து மாறக்கூடாது. தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே வரையறை, ஒரே சோதனை, ஒரே சான்றிதழ் என்று சட்டம் திருத்தப்படுவதே குடும்பங்களுக்கும் மருத்துவர்களுக்கும் நேர்மையான தீர்வு. உறுப்புக்காகத்தான் இறந்ததாகச் சொல்கிறார்களோ என்ற, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடரும் ஐயத்தைப் போக்கவும் அதுவே வழி.