நீரின் மேலும் நீரின் கீழும்

நுவரெலியாவின் குளிர்ந்த நீரோடைகளிலே டிரவுட் என்னும் மீன் வாழ்வதை இலங்கையர் பலர் அறிவர். அம்மீன் இந்நாட்டுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதாகும். மீனோடு அதனைப் பிடிக்கும் முறையையும் அவர்கள் கொண்டுவந்தனர். மண்புழுவை முள்ளிலே கோத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் முறையன்று அது. சின்னஞ்சிறு தூண்டில் முள்ளிலே இறகும் உரோமமும் பட்டுநூலும் சுற்றி, பூச்சியைப் போன்றதொரு பொய்யிரையை அமைத்து, அதனை மீனின் முன்னே வீசும் முறையாகும். அப்பொய்யிரை எதனை ஒத்திருத்தல் வேண்டும்? நீரின் மேல் மிதக்கும் ஈயையா? நீரினுள் நீந்தும் அதன் இளம்பருவத்தையா? இவ்வினா இங்கிலாந்திலே நீண்டகாலம் பெரியதொரு வழக்காக இருந்தது.

வழக்குக்கு இடமான ஆறுகள் தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் நாட்டிலே ஓடும் டெஸ்ட், இட்சன் என்பன. சுண்ணாம்பு நிலத்திலிருந்து ஊறிவரும் அவற்றின் நீர் பளிங்கு போன்றது. கரையில் நிற்பவன் மீனைக் காண்பான். மீனும் அவனைக் காணும். ஆதலின் பொய்யிரை செம்மையாய் அமையாவிடின் மீன் அதனை ஏறெடுத்தும் பாராது.

இவ்வாறுகளிலே வாழும் ஈக்கள் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கழிக்கின்றன. சிறகு முளையாத அப்பருவத்தை ஆங்கிலேயர் நிம்ஃப் என்பர். பாசியிடையேயும் கற்களிடையேயும் வளர்ந்த நிம்ஃப், காலம் வந்ததும் நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலை உரித்துச் சிறகுடன் வெளிப்படும். சிறகு பெற்றபின் அதன் ஆயுள், நம் மழைக்காலத்து ஈசலின் ஆயுளைப் போன்று, மிகக் குறுகியது.

அச்சிறகு பெற்ற ஈயையே தம் கொள்கைக்கு அடிப்படையாகக் கொண்டவர் பிரெடெரிக் ஹால்போர்ட் (1844–1914). ஆற்றங்கரையிலே ஈக்களைப் பிடித்து, நிறமும் அளவும் ஒப்புநோக்கி, அவற்றைப் போன்று மிதக்கும் இரைகளை அமைக்கும் விதத்தை 1886இல் நூலாக வெளியிட்டார். நீர்மட்டத்திலே இரையெடுக்கும் மீனைக் கண்டபின்னரே, அதற்குக் கீழே நின்று மேல்நோக்கி, மிதக்கும் ஈயை வீசவேண்டும் என்பது அவர் நெறி. அது நல்ல ஆராய்ச்சியின் விளைவே. ஆயின், அவரைப் பின்பற்றியோர் அதனைச் சட்டமாக்கினர். பல ஆறுகளிலே அமிழும் இரையைப் பயன்படுத்துவது பண்பாளர்க்கு ஒவ்வாத செயலாகக் கருதப்பட்டது.

இச்சட்டத்துக்கு மறுப்பாய் எழுந்தவர் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ் (1858–1949). இலண்டனிலே வழக்கறிஞராயிருந்த அவர், ஓய்வு நாட்களில் இட்சன் ஆற்றங்கரைக்குச் செல்வார். ஒருநாள் அவரது மிதக்கும் ஈ நனைந்து அமிழ்ந்தது. அதுவரை அசையாதிருந்த மீன் அதனை விரும்பி ஏற்றது. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிடாது அவர் ஆராயத் தொடங்கினார். பிடித்த மீனின் இரைப்பையிலிருந்து உணவை ஒடுங்கிய கரண்டியால் எடுத்து, வெள்ளைக் கிண்ணத்து நீரிலே பரப்பிப் பார்த்தார். அங்கே மலிந்து கிடந்தவை நிம்ஃப்களே. மேற்பரப்பிலே ஈயைக் கவ்வுவதாகத் தோன்றிய மீன்கள் பல, உண்மையில் அதற்குச் சற்றுக் கீழே நிம்ஃபை உண்டுகொண்டிருந்தன.

அக்கிண்ணமே இரையைத் தேர்ந்தெடுக்கும் வழியையும் காட்டிற்று. நனைந்த பூச்சியின் நிறம் யாது, நீளம் எவ்வளவு எனக் கண்டு, அவற்றுக்கு இயைந்த உரோமத்தைச் சிறு முள்ளிலே சுற்றினார். காலுக்குச் சிறிதளவு இறகு சேர்த்தார். 1910, 1921, 1939 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நூல்களிலே தம் முறையை விளக்கினார்.

எதிர்ப்பு ஓயவில்லை. 1938 பெப்ரவரியிலே இலண்டன் ஈத்தூண்டிலாளர் கழகத்தில் இதுபற்றி ஒரு விவாதமே நடைபெற்றது. ஸ்கியூஸ் அப்பொழுது எண்பது வயதை அணுகியிருந்தார். அவர் மீன்பிடித்த பகுதியிலே உடன் உரிமை பெற்றிருந்தோரும் அவர் முறையை விரும்பவில்லை. அவ்வாண்டின் இறுதியிலே, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய ஆற்றை விட்டு அவர் நீங்கினார். தாம் கண்ட உண்மைக்கு அவர் கொடுத்த விலை அது.

வழக்கின் அடுத்த படியை எட்டியவர் வில்ட்ஷயர் நாட்டு ஏவன் ஆற்றின் காவலராகிய பிராங்க் சாயர் (1906–1980). நாள்தோறும் ஆற்றிலே வாழ்ந்த அவர், நீந்தும் நிம்ஃப் தன் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதைக் கண்டார். எனவே கால்களையே விட்டுவிட்டார். நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியையும், பெசன்ட் என்னும் பறவையின் வாலிறகு இழைகளையும் கொண்டு இரையை அமைத்தார். கம்பியின் பாரத்தால் அது விரைவில் அமிழும். கோலின் நுனியைச் சற்று உயர்த்தினால், மேலெழும் உயிர்ப்பூச்சி போலவே எழும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வோர் இரை வேண்டியதில்லை. அளவும் வடிவும் அசைவும் பொருந்தின், ஒன்றே பல இனங்களுக்கு ஆகும் என்றார். அவரது நூல் 1958இல் வெளிவந்தது. அவர் அமைத்த இரை இன்று உலகின் பல நாடுகளிலே பயன்படுகின்றது.

எனினும் பழைய வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தின் சில ஆற்றுப் பகுதிகளிலே நிம்ஃப் இரைக்குக் காலவரையறை இன்றும் உண்டு. எதனைப் பயன்படுத்துவது முறை என்பதை விதிப்பது மனிதர் உரிமை. ஆயின், மீன் எதனை உண்ணுகின்றது என்பதை எக்கழகமும் தீர்மானித்தல் இயலாது. அதனை அறிய ஸ்கியூஸ் நாடியது ஒரு வெள்ளைக் கிண்ணத்தை. சாயர் நாடியது ஆற்றை.