விண்கலமும் இரு நண்பரும்

பிறர் அரிதின் முயன்று செய்த காரியத்திற் குற்றம் காண்பது எளிது. அக்குற்றத்தை அவர் மனம் கொள்ளும்படி எடுத்துரைப்பது அரிது. உரைத்ததைச் சினங்கொள்ளாது கேட்டு, ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுப்பது அதனினும் அரிது. வழக்கிட்டதனாற் பகைவரானோர் பலரை வரலாறு காட்டுகின்றது. வழக்கிட்டதனாலேயே நண்பரானோர் சிலரே. அத்தகைய இருவரைப் பற்றியே இன்று கூறப்போகின்றேன். இவர்கள் மாறுபட்டது நாட்டெல்லை பற்றியோ சமயக் கொள்கை பற்றியோ அன்று. தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்த ஒரு விஞ்ஞானக் கதையைப் பற்றியே.

1966ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8ஆந் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. வருங்கால மனிதர் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்தில் ஏறி, விண்மீன்களிடையே புத்துலகங்களைத் தேடிச் செல்வதே அதன் கதை. கலத்தின் தலைவர் கப்டன் கேர்க். அவருக்குத் துணைவர் ஸ்பொக். பாதி மனிதரும் பாதி வேற்றுலகத்தவருமான ஸ்பொக், உணர்ச்சியை அடக்கி அறிவு ஒன்றையே துணையாகக் கொண்டவர்.

இத்தொடரைப் படைத்தவர் ஜீன் ரொடன்பெரி. 1921இற் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சு விமானத்தைச் செலுத்தியவர். பின்னர்ப் பயணிகள் விமானத்திலும், அதன்பின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் படையிலும் பணியாற்றி, ஈற்றிலே தொலைக்காட்சிக்கு எழுத வந்தவர். தொடருக்கு முன்மாதிரியாக இவர் முதலிற் செய்து காட்டிய படத்தை நிறுவனத்தார் ஏற்கவில்லை. இரண்டாவது படத்தைச் செய்து காட்டிய பின்னரே வழி பிறந்தது.

மற்றவர் ஐசாக் அசிமோவ். 1920இல் ருஷியாவிலே பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா சென்று, புரூக்ளினிலே தந்தையாரின் மிட்டாய்க் கடையில் வேலை செய்துகொண்டே கற்றவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் டொக்டர் பட்டம் பெற்று, பொஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர் இரசாயனம் கற்பித்தவர். இயந்திர மனிதர் பற்றிய இவருடைய கதைகள் அக்காலத்திலேயே புகழ் பெற்றிருந்தன.

தொடர் தொடங்கி மூன்று மாதம் நிறைவதற்கு முன், நவம்பர் மாதத்தில், 'டீ.வி. கைட்' என்னும் சஞ்சிகையிலே அசிமோவ் ஒரு கட்டுரை எழுதினார். தொலைக்காட்சியில் வந்த விஞ்ஞானக் கதைகள் பலவற்றின் பிழைகளை நகைச்சுவையோடு அதிற் சுட்டிக்காட்டினார். 'ஸ்டார் ட்ரெக்'கும் தப்பவில்லை. பால்வீதி மண்டலத்துக்கு அரை ஒளியாண்டு வெளியே என்று அத்தொடரில் ஓரிடம் குறிக்கப்பட்டிருந்தது. அதையே அவர் பற்றிக்கொண்டார்.

இதிற் பிழை யாது? ஒளி ஓராண்டிற் செல்லுந் தூரம் ஓர் ஒளியாண்டு. அஃது ஏறத்தாழ ஒன்பதரை இலட்சங் கோடி கிலோமீற்றர். நமக்கு இது பெருந் தூரமே. ஆயினும் பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு. அன்றியும், அதற்கு மதில் போன்றதோர் எல்லை இல்லை. புறத்தே செல்லச் செல்ல விண்மீன்கள் சிறிது சிறிதாக அருகிப் போகின்றன. இத்தகைய மண்டலத்துக்கு அரை ஒளியாண்டு வெளியே என்பது, மிசிசிப்பி ஆற்றின் வடிநிலத்துக்கு அரை யார் புறத்தே ஒரு வீடு நிற்கின்றது என்பது போலாம் என்று அசிமோவ் எள்ளினார்.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ரொடன்பெரிக்கு இது வேடிக்கையன்று. அச்சஞ்சிகை அமெரிக்காவில் மிகப் பெருந்தொகையாக விற்பனையானவற்றுள் ஒன்று. தொடரோ இன்னும் வேரூன்றவில்லை. பார்ப்போர் தொகை குறைந்தால் நிறுவனத்தார் அதனை நிறுத்திவிடுவர். விஞ்ஞானக் கதை என்றால் அரக்கரும் பூதங்களும் வரும் சிறுவர் விளையாட்டு என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், முதிர்ந்தோரும் சிந்திக்கத்தக்க கதையைக் கொடுக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். அந்த முயற்சியை நன்கு உணரவல்ல ஒருவரே, ஏனைய தொடர்களோடு இதனையும் ஒருங்கே வைத்து நகையாடினால் மனம் நோவாதா?

ரொடன்பெரி சினந்து எழுதவில்லை, வாளாவிருக்கவுமில்லை. சில நாட்களுக்குள் அசிமோவுக்கு நேரே ஒரு கடிதம் வரைந்தார். அவர் எழுத்தைத் தாம் விரும்பிப் படிப்பதாகச் சொல்லித் தொடங்கினார். பின்னர்த் தம் பக்கத்து நியாயத்தை எடுத்து வைத்தார். இத்தொடருக்கு விஞ்ஞான ஆலோசனை இல்லாமலில்லை. ரான்ட் நிறுவனத்துப் பௌதிகவியலாளர் ஹாவி லின் என்பவர் ஆலோசகராயிருந்தார். கதைகளைச் சரிபார்க்கத் தனியாக ஆராய்ச்சி உதவியும் பெறப்பட்டது. விஞ்ஞானக் கதை எழுத்தில் தேர்ந்தவர்களையே தேடிப்பிடித்து எழுதச் செய்தனர். ஆனால் வாரத்துக்கொரு படம் முடிக்கவேண்டும். செலவுக்கு ஓர் அளவுண்டு. இலட்சக்கணக்கானோர் பாராவிடின் தொடர் நில்லாது. நூலாசிரியர் தம் மேசையிலே தனியே அமர்ந்து எழுதும் நிலைமை வேறு, இது வேறு.

இங்கே இருவரும் மெய்யையே சொன்னார்கள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். விண்மீன் மண்டலத்துக்குக் கூரிய விளிம்பில்லை என்பது மெய். அச்சிறு பிழையினால் மட்டும் ஒரு முயற்சியை அளந்துவிட முடியாது என்பதும் மெய். அசிமோவும் தம் கதைகளில் ஒளியினும் விரைந்து செல்லும் கலங்களை ஓட்டியவர்தாமே! கதைக்காகத் தெரிந்தே எடுத்துக்கொள்ளும் உரிமை ஒன்று. அறியாமையால் நேரும் வழு வேறொன்று. முன்னதற்கு இடங்கொடுத்துப் பின்னதைத் தவிர்க்கவேண்டும் என்பதே இவ்வழக்கின் உட்பொருள்.

அசிமோவ் ரொடன்பெரியின் நியாயத்தை உணர்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அதே சஞ்சிகையிலேயே, தம் இளம் மகள் ஸ்பொக்கிடம் கொண்ட ஈர்ப்பை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அறிவுடைமையும் ஓர் அழகே என்பதை நகைச்சுவையோடு அதில் விளக்கினார். இகழ்ந்த இடத்திலேயே புகழ்வது எல்லாருக்கும் இயலும் செயலன்று.

விரைவிலே ரொடன்பெரிக்கு வேறொரு சிக்கல் வந்தது. கதைத் தலைவர் கேர்க். ஆயின் மக்கள் மனத்தைக் கவர்ந்தவரோ ஸ்பொக். துணைவர் தலைவரை மறைத்துவிட்டால் தொடரின் கட்டுக்கோப்புக் குலையும். இதற்கு அவர் யாரிடம் யோசனை கேட்டார்? தம்மை முன்னர்க் குறைகூறிய அசிமோவிடமே! 1967 ஜூன் மாதத்திலே அசிமோவ் விடையளித்தார். கேர்க் வேடம் பூண்ட வில்லியம் ஷட்னருக்குப் பலதிறப்பட்ட நடிப்புக்கு இடங்கொடுங்கள் என்றார். இருவரும் சேர்ந்தே ஆபத்துக்களை எதிர்கொள்ளட்டும். ஒருவர் உயிரை மற்றவர் காக்கட்டும். அப்போது ஸ்பொக்கை நினைப்போர் கேர்க்கையும் உடன் நினைப்பர் என்றார். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டாம், இருவரையும் பிணைத்துவிடுக என்பதே அவ்யோசனையின் சாரம். கேர்க், ஸ்பொக் ஆகியோரின் நட்பு அத்தொடரின் உயிர்நாடியாகப் பின்னாளிற் போற்றப்பட்டது.

79 கதைகளோடு 1969ஆம் ஆண்டில் அத்தொடர் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பிலே அதன் புகழ் பெருகியது. 1972 ஜனவரியில் நியூயோர்க்கிலே அதன் அன்பர்கள் கூட்டிய மாநாட்டுக்கு ரொடன்பெரியும் அசிமோவும் விருந்தினராக வந்தனர். 1979இல் 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படமாக வந்தபோது அதன் சிறப்பு விஞ்ஞான ஆலோசகராகக் குறிக்கப்பட்டவர் அசிமோவே.

இன்னொரு செய்தியும் உண்டு. 1987இல் ரொடன்பெரி தொடங்கிய புதிய தொடரிலே டேற்றா என்றோர் இயந்திர மனிதர் வருகிறார். அவருக்கு அமைந்த மூளை 'பொசிற்றோனிக்' மூளை. அது பல ஆண்டுகளுக்கு முன் அசிமோவ் தம் கதைகளுக்காகக் கற்பித்தது. அடுத்த ஆண்டு வந்த ஒரு கதையில் அசிமோவின் பெயரே அதன்பொருட்டு எடுத்துச் சொல்லப்பட்டது.

நமது நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து 2008இல் மறைந்த ஆர்தர் கிளார்க்கும் அசிமோவின் நண்பரே. விஞ்ஞானக் கதையிற் கிளார்க் முதல்வர் என அசிமோவும், விஞ்ஞான விளக்க நூல்களில் அசிமோவ் முதல்வர் எனக் கிளார்க்கும் சொல்லவேண்டும் என்று இருவரும் விளையாட்டாக ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர். போட்டியை நகையாக மாற்றத் தெரிந்தவர்க்கே வழக்கை நட்பாக மாற்றவும் தெரியும் போலும்.

ரொடன்பெரி 1991 ஒக்டோபரிலும் அசிமோவ் 1992 ஏப்ரலிலும் காலமாயினர். குறைகூறியவர் மெய்யை விட்டுக்கொடுக்கவில்லை. குறைகூறப்பட்டவர் தம் உழைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிரே நிற்பவர் தம்மைப் போலவே அந்தக் கதையை நேசிப்பவர் என்பதை இருவரும் மறக்கவில்லை. அதனாலேயே ஒரு கண்டனக் கட்டுரையிலே பிறந்த வழக்கு, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்த தோழமையாயிற்று.