டர்பனில் ஒரு தமிழ்ப் பக்கம்

வெளிநாட்டுத் தமிழ்ப் பத்திரிகை என்றால் சிங்கப்பூர், மலேசியா, மிஞ்சிப்போனால் இலங்கை. நமக்கு ஞாபகம் வருவது அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில், அதுவும் 1903-லேயே, டர்பன் நகரில் தமிழில் அச்சுக் கோத்திருக்கிறார்கள். காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியாக வரும். அதில் தமிழ்ப் பகுதி இருந்தது, மூன்றே வருஷத்தில் காணாமல் போனது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் வராது. நான் பி.காம். படித்த வங்கிக்காரன். அதனால் இதில் பணக் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாசகர்கள் யார்? 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். முதல் வருஷம் மாதக் கூலி 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக வரி மட்டும் ஆறு மாத ஆரம்பக் கூலி! இவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டிப் பத்திரிகை வாங்குவார்கள்?

மதன்ஜித் வியாவகாரிக் என்பவர் 1898 முதல் டர்பனில் அச்சகம் நடத்தி வந்தார். பத்திரிகை யோசனை அவருடையது. காந்தி சரி என்றார். மன்சுக்லால் நாசர் சம்பளம் வாங்காத ஆசிரியர். ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் 1903 ஜூனில் முதல் இதழ் வந்தது. (சுயசரிதையில் காந்தி 1904 என்று எழுதியிருக்கிறார். அவருக்கே ஒரு வருஷம் தவறிவிட்டது.)

பணம்தான் தகராறு. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுண்டு கைக்காசு போட்டதாகக் காந்தி சொல்கிறார். 1,500 ஷில்லிங், அதாவது 150 புதுக் கூலிகளின் மாதச் சம்பளம். ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் நன்றாக நடந்ததால் தாக்குப் பிடித்தார். மதன்ஜித் ஊர் ஊராகப் போய் சந்தா பிடிப்பதும் பாக்கி வசூலிப்பதுமாக அலைந்தார். 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது அவர் அங்கே சந்தா வசூலில்தான் இருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டை உடைத்து 23 நோயாளிகளை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார். வசூலுக்குப் போன மனுஷன்!

அந்தச் சமயத்தில்தான் ஆல்பர்ட் வெஸ்ட் என்ற ஆங்கிலேயரைக் காந்தி டர்பன் அச்சகத்துக்கு அனுப்பினார். மாதம் 10 பவுண்டு, லாபம் வந்தால் அதில் பங்கு. வெஸ்ட் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தின் சாரம்: லாபமே கிடையாது, நஷ்டம் வரக்கூடும்; கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லை; பாக்கி ஏராளம், ஆனால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நாங்கள் இதை வாராக் கடன் என்போம். பங்கு லாபத்தை நம்பிப் போனவர் அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தீர்வாகத்தான் ஃபீனிக்ஸ் வந்தது. டர்பனிலிருந்து 14 மைல், 100 ஏக்கர், 1,000 பவுண்டு. வெள்ளையர், கறுப்பர், வேலை பெரிது சிறிது என்றில்லாமல் எல்லாருக்கும் மாதம் 3 பவுண்டு. (தலைவரியும் அதே 3 பவுண்டு!) அச்சு இயந்திரம் ஓட்டிய கோவிந்தசாமியும் கூடப் போனார். 1904 டிசம்பர் 24 இதழ் அங்கிருந்து வந்தது. அன்று ராத்திரி எண்ணெய் எஞ்சின் கிளம்பவே இல்லை. கையால் சுற்றும் சக்கரம் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சுற்ற ஒரே நேரத்தில் நான்கு பேர் வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பிவிட்டு, காந்தியும் முறை போட்டுச் சுற்றி, விடியும்வரை அச்சடித்தார்கள். காலை ஏழு மணிக்கு எஞ்சின் ஓடியதாம்.

நிற்க. தமிழ்ப் பக்கம் என்ன ஆனது? 1906 தொடக்கத்தில் தமிழும் ஹிந்தியும் நிறுத்தப்பட்டன. பண்ணையில் வந்து தங்கி எழுதத் தமிழ் எழுத்தாளர் கிடைக்கவில்லை, எழுதுவதைச் சரிபார்க்கவும் ஆள் இல்லை. பெயருக்கு ஒரு பக்கம் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும் என்று காந்தி நினைத்தார். நேர்மையான முடிவுதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. குஜராத்தி வியாபாரிகள் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், காசு சேர்த்து சந்தா கட்டினார்கள். தோட்டத்துத் தமிழருக்கும் அப்படிப் படித்துக் காட்ட ஒருவர் இருந்தால் போதுமே! அவர் கையில் கொடுக்கத்தான் தாள் இல்லாமல் போனது.

எழுத்து அறியாத வாசகர் என்பது ஏதோ பழங்கதை இல்லை. நான் இருக்கும் அத்திபெலேயிலிருந்து எல்லை தாண்டினால் ஓசூர், எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் கிடைக்கும். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும் ஹிந்தியும். வாரப் பத்திரிகையைக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

டர்பனில் அந்த இடம் ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. சென்னையிலிருந்து போன பி.எஸ். ஐயர் என்ற பத்திரிகைக்காரர் 1908-ல் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தொடங்கினார், தமிழும் ஆங்கிலமுமாக. தலைவரியை எதிர்த்து 1911-ல் பலமாகப் பிரசாரம் செய்தவர் அவர். காந்தியையும் விடாமல் விமர்சித்தார். அதே வரியை முன்வைத்து 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை நிறுத்தம் வெடித்தபோது இறங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் 'இந்தியன் ஒப்பீனிய'னில் தமிழ் கொஞ்ச காலம் திரும்ப எட்டிப் பார்த்தது. 1914-ல் வரி ரத்தானது, காந்தியும் கப்பல் ஏறினார். பத்திரிகையை மகன் மணிலாலும், 1956-ல் அவர் மறைந்த பின் அவர் மனைவி சுசீலாவும் 1961 வரை நடத்தினார்கள்.