கரையோர ஜொகூரில் கம்பி வேலி: பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மெர்சிங், தெசாரு, பாசிர் கூடாங், ஜொகூர் பாரு, பொந்தியான், பத்து பகாட், மூவார் என்று போனால் ஜொகூர் மாநிலத்தை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருப்பது தெரியும். இந்தக் கரையோரத்தில் ஆலய வளாகம், பள்ளித் திடல், ஆட்டுக் கொட்டகை, காய்கறித் தோட்டம் எதுவானாலும் மக்கள் முதலில் நினைப்பது செயின் லிங்க் எனப்படும் பின்னல் கம்பி வேலியைத்தான். செங்கல் சுவரைவிடச் செலவு குறைவு. காற்றும் தடையில்லாமல் போகும்.

சிக்கல் என்னவென்றால், குளுவாங் பக்கம் பல ஆண்டு நிற்கும் அதே கம்பி, அலையோரத்தில் சில ஆண்டுகளிலேயே சிவந்து உதிர்ந்துவிடும். ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் போடும் வேலி அது. இரண்டாவது முறை நன்கொடை கேட்பது எவ்வளவு கடினம் என்று பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கம்பியைக் காப்பது அதன்மேல் உள்ள துத்தநாக முலாம். கடையில் ஜி.ஐ. என்பார்கள். சாதாரணக் காற்றில் துத்தநாகத்தின்மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, அதுவே கவசமாகிவிடும். கடல் காற்றில் வரும் உப்பு இந்தப் படலத்தை நிலைக்க விடுவதில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் கம்பி இரவு முழுவதும் நனைந்தே இருக்கும். முலாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அடியில் உள்ள இரும்பு வெளியே வரும்.

எவ்வளவு வேகமாகக் கரைகிறது? ஐ.எஸ்.ஓ. 9223 என்ற உலகத் தரநிலை, உப்புக் காற்று மிகுந்த கரையோரங்கள் அடங்கும் சி5 வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும் என்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முலாமின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வது வழக்கம். ஏறத்தாழ 7 கிராம் ஒரு மைக்ரானுக்குச் சமம். 60 கிராம் முலாம் என்றால் எட்டு மைக்ரானுக்குச் சற்று அதிகம். அலையோரத்தில் அது ஓரிரு ஆண்டுக்குத்தான் காணும். பின்னல் வேலிக்கான அமெரிக்கத் தரநிலை ஏ392-இல் முதல் வகுப்பு 366 கிராம், இரண்டாம் வகுப்பு 610 கிராம். இவை சுமார் 51 மற்றும் 85 மைக்ரான். மேலே சொன்ன தேய்மானத்தோடு வகுத்துப் பார்த்தால் முதல் வகுப்பு ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டு, இரண்டாவது பத்து முதல் இருபது ஆண்டு தாங்கும்.

ஆகவே கடையில் "நல்ல ஜி.ஐ.தானா?" என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? தொழிற்சாலைச் சான்றிதழ் உண்டா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கம்பிக்கு முலாம் பூசிய பிறகு பின்னுவது ஒரு முறை, பின்னி முடித்த வலையையே முலாமில் முக்கி எடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் வெட்டு முனைகளிலும் முலாம் ஏறும். துத்தநாகத்தோடு 5 விழுக்காடு அலுமினியம் கலந்த கால்ஃபான் முலாமும் உண்டு. விலை கூடினாலும் கடலோரத்தில் அதிக நாள் உழைக்கும்.

கம்பியின் தடிமனிலும் கவனம் தேவை. கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது. 10 கேஜ் என்பது 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64 மட்டுமே. சிறிய வித்தியாசம்போல் தெரிந்தாலும் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பச்சை நிற பி.வி.சி. உறை போட்ட கம்பியில் உறையையும் சேர்த்து அளவு சொல்லும் பழக்கம் உண்டு. ஒரு முனையில் உறையைச் சீவிவிட்டு உள்கம்பியை அளந்து பாருங்கள். உறைக்கு அடியில் வெறும் இரும்பு இருந்தால் அந்த வேலி வேண்டாம். உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பு நீர் உள்ளே புகுந்து வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு வேலியின் அடியில் செய்வது இந்த வேலையைத்தான். வேலியோரம் ஓர் அடி அகலத்துக்குச் சரளைக் கல் போட்டுவிட்டால் அங்கே இயந்திரம் கொண்டுபோக வேண்டியதில்லை.

வலை நன்றாக இருந்தும் வேலி சாய்வதைப் பல இடங்களில் காணலாம். காரணம் சில்லறைப் பொருள்கள். கட்டடத் தொழிலாளர்கள் இரும்புக் கம்பிகளைக் கட்டப் பயன்படுத்தும் கறுப்புக் கட்டுக்கம்பியால் வலையைத் தூணோடு முடிந்துவிடுவார்கள். அது முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்து அறுந்துவிடும். கட்டுக்கம்பி, இழுவைக் கம்பி, போல்ட், நட்டு அனைத்திலும் வலையில் உள்ள அளவுக்கு முலாம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள். அதேபோல, தூணை அங்கேயே வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் முலாம் எரிந்துபோகும். அதன்மேல் சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். அந்த இடத்தைச் சுரண்டித் துத்தநாகம் மிகுந்த பெயிண்டை இரண்டு பூச்சு அடிக்க வேண்டும்.

தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. இரும்பைப் பொறுத்தவரை கடல் உப்பும் அதுவும் ஒன்றுதான். உர மூட்டைகளை வேலியோரம் அடுக்காதீர்கள்.

தூண் முதலில் அழுகும் இடம் மண்ணைத் தொடும் மட்டம். காங்கிரீட் அடித்தளத்தின் மேற்பகுதியைத் தரைக்கு மேல் சற்று உயர்த்தி, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாகப் பூச வேண்டும். கிண்ணம்போல் குழிந்திருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். குழாய்த் தூணின் தலைக்கு மூடி அவசியம். காங்கிரீட் தூண் வாங்குவோர் ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இரும்பு துருப்பிடித்தால் அது பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். கடல் மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது.

மேற்குக் கரையில் பொந்தியான், பத்து பகாட் வட்டாரங்களில் வேறொரு சங்கடம் இருக்கிறது. அங்கே பல இடங்களில் கரி மண். வடிகால் வெட்டி நீரை இறக்கினால் தரையே ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டு போகும். அந்த மண்ணின் புளிப்புத்தன்மை துத்தநாகத்தையும் சிமெண்டையும் அரிக்கும். அங்கே இரண்டடிக் குழி போதாது. அடியில் உள்ள களிமண்ணை எட்டும்வரை தூணை இறக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. வெறும் வலை வேலிக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் நிழல்வலை, பேனர், தகரம் கட்டினாலோ கொடி படர விட்டாலோ அது பாய்மரமாகிவிடும். மூலைத் தூண்களுக்கும் வாசல் தூண்களுக்கும் சாய்வுத் தாங்கு கொடுக்காமல் விடக்கூடாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளம் வந்தால், கால்வாய்க்குக் குறுக்கே நிற்கும் வேலியில் குப்பை சேர்ந்து அது அணையாக மாறும். அந்த இடத்தில் மட்டும் மேலே கீல் வைத்து, கீழே திறந்துகொள்ளும் தடுப்பாக அமைக்கலாம்.

வேலைக்கு முன் நில விவகாரத்தையும் பார்த்துவிடுங்கள். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 'கட்டடம்' என்ற சொல்லில் வேலியையும் அடக்குகிறது. ஆகவே ஊராட்சி மன்றத்தில் முதலில் விசாரிப்பது நல்லது. அரசு நட்ட எல்லைக் கல்லைத் தூண் குழிக்காகப் பெயர்ப்பது, தண்டனைச் சட்டத்தின் 434-ஆவது பிரிவில் சிக்கவைக்கும். கல் காணவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். தோட்ட நிலத்தில் நிற்கும் ஆலயங்கள் முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலி போட்டு எத்தனை ஆண்டு அனுபவித்தாலும், பதிவு பெற்ற உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்பதை அது தடுக்காது என்று 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு கூறுகிறது. நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கைக்கு வந்த பிறகு கம்பிக்கு முன்பணம் கட்டுங்கள்.