ஆணைக்கு நின்ற பிள்ளைகளும் ஆட்டத்துக்கு ஓடிய பிள்ளைகளும்



ஆரம்பப் பாடசாலையில் உடற்கல்வி நேரத்தைப் பிள்ளைகள் விரும்பும்படி ஆக்குவது எப்படி? இப்படிக் கேட்டால், மைதானம் வேண்டும், புதுப் பந்து வேண்டும், வென்றவருக்குப் பரிசு வேண்டும் என்று ஆளுக்கொரு பதில் வரும். இந்தக் கேள்வி நாம் வாழும் இத்தாலியில் ஏறக்குறைய 150 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்கான பதிலின் ஒரு பெரிய பகுதி எங்கள் பலெர்மோ நகரத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. அந்தக் கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கதை வடக்கே தொரினோவில் தொடங்குகிறது. 1833ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ருடோல்ப் ஒபர்மான் என்பவர், படையினருக்கு உடற்பயிற்சி கற்பிப்பதற்காக அங்கே அழைக்கப்பட்டார். 1844இல் அவர் முன்னின்று தொடங்கிய உடற்பயிற்சிச் சங்கம் இத்தாலியின் மிகப் பழைய விளையாட்டுச் சங்கங்களில் ஒன்று. அவர் கொண்டுவந்தது ஜேர்மன் முறை. வரிசையாக நிற்பது, ஆணைக்குக் கையை உயர்த்துவது, ஆணைக்குத் திரும்புவது, கம்பத்தில் ஏறுவது, சட்டத்தில் தொங்குவது என்று அது அமைந்திருந்தது. படைவீரருக்கு வகுத்த இந்த முறையே பிறகு பாடசாலைக்கும் வந்தது.

1878ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் திகதி, கல்வி அமைச்சராக இருந்த பிரான்செஸ்கோ தெ சாங்தீஸ் கொண்டுவந்த சட்டம் உடற்பயிற்சியை ஆரம்பப் பாடசாலை உட்பட எல்லாப் பாடசாலைகளிலும் கட்டாயமாக்கியது. இவர் இத்தாலிய இலக்கிய வரலாற்றை எழுதிய பெரிய அறிஞர். பெண்பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது, அக்காலத்தில் சிறிய விடயம் அல்ல. ஆனால் ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, நாளைய படைச் சேவைக்கு அவர்களைத் தயார்ப்படுத்துவதே நோக்கமாக இருந்தது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளையும் படைவீரனைப் போலவே வரிசையில் நின்றான்.

இனி பலெர்மோவுக்கு வருவோம். அந்தச் சட்டம் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1883இல், இந்த நகரத்தில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜுசெப்பே பித்ரே. 1841இல் இங்கே ஒரு கடலோடியின் குடும்பத்தில் பிறந்தவர். தொழிலால் வைத்தியர். நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகும்போது, அந்த மக்களின் பாட்டு, கதை, பழமொழி, நம்பிக்கை எல்லாவற்றையும் கேட்டு எழுதி வந்தார். 1871 முதல் 1913 வரை 25 தொகுதிகளாக அவை வெளிவந்தன. அவருக்கு மிக அதிகமான கதைகளைச் சொன்னவர்களில் ஒருவர் அகத்துஸ்ஸா மெஸ்ஸியா என்ற எழுத வாசிக்கத் தெரியாத முதிய பெண்மணி. இந்த வரிசையில் 1883இல் வந்த தொகுதி சிசிலிப் பிள்ளைகளின் விளையாட்டுகளைப் பற்றியது. வீதியிலும் முற்றத்திலும் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், எப்படி அணி பிரித்தார்கள், எந்தச் சொல்லைச் சொல்லித் தொடங்கினார்கள், தோற்றவருக்கு என்ன தண்டனை என்பதையெல்லாம் அவர் விளையாட்டு விளையாட்டாகப் பதிந்து வைத்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடசாலைக்கு உள்ளே, உடலை அசைக்கக் கற்றுத்தர ஒரு சட்டமும் ஆணைகளும். மதிலுக்கு வெளியே, யாரும் கற்றுத்தராமலே நாள் முழுவதும் ஓடிப் பாய்ந்துகொண்டிருந்த அதே பிள்ளைகள். வெளியே மூச்சு வாங்க ஓடிய பிள்ளை, மணி அடித்து உள்ளே வந்ததும் கையை மேலே, கையைக் கீழே என்று நிற்க வேண்டியிருந்தது. வீதியில் இருந்ததை வைத்தியர் எழுதி வைத்தார். பாடசாலை அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதை உணர்ந்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். தொரினோப் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் ஆஞ்சலோ மொஸ்ஸோ தசைகள் எப்படிக் களைக்கின்றன என்று ஆராய்ந்தவர். ஜேர்மன் முறையின் செயற்கையான அசைவுகளைவிடத் திறந்த வெளியில் ஓடி விளையாடுவதே வளரும் பிள்ளைக்கு நல்லது என்று அவர் வாதாடினார். 1893இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் விளையாட்டுகளுக்கும் இடம் கிடைத்தது. எழுத்தாளர் எட்மொண்டோ தெ அமீச்சிஸ், உடற்பயிற்சி ஆசிரியை ஒருவரை மையமாக வைத்து 1892இல் ஒரு நாவலே எழுதினார். அதற்கு முன், 1886இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற 'குவோரே' நூலில் நெல்லி என்றொரு சிறுவன் வருகிறான். முதுகு கூனியவன். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்று பயந்து, அவனை உடற்பயிற்சியிலிருந்து விலக்கும்படி தாய் அதிபரிடம் கேட்கிறாள். அவனோ விலக மறுத்து, மற்றவர்கள் உற்சாகப்படுத்த, கம்பத்தில் ஏறி முடிக்கிறான். பாரமான பிள்ளை, மெதுவான பிள்ளை, கூச்சமுள்ள பிள்ளை எல்லாரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

ஆனால் அடுத்து வந்த காலம் வேறு திசையில் போனது. 1923இல் கல்வி அமைச்சராக இருந்த ஜொவான்னி ஜென்தீலே சிசிலியின் கஸ்தெல்வெத்ரானோவில் பிறந்தவர். பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். இரண்டாம்நிலைப் பாடசாலைகளின் உடற்பயிற்சியை அவர் பாடசாலையிடமிருந்து எடுத்துத் தனி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தார். 1926இல் முசோலினியின் ஆட்சி 'பலில்லா' என்ற சிறுவர் அமைப்பை உருவாக்கியது. அடுத்த ஆண்டே உடற்கல்வி அதன் கைக்குப் போனது. எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையான பையன்கள் கறுப்புச் சட்டை அணிந்து சிறிய துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு வேறு சீருடை, வேறு பெயர். கொடி, வாத்தியம், பதக்கம் எதற்கும் குறைவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உற்சாகம்தான். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேரைப் பிறகு போர் கொண்டுபோனது.

இது எங்களுக்குப் புரியாத கதை அல்ல. எமது தாயகத்திலும் போர்க்காலத்தில் பாடசாலைப் பிள்ளைகள் போர்ப் பயிற்சிக்குள் இழுக்கப்பட்டார்கள். பாடசாலைகள் சில இடங்களில் அகதி முகாம்களாகவும், சில இடங்களில் படை முகாம்களாகவும் மாறின. பிள்ளையின் உடலைப் பெரியவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழர் வாழும் நிலங்களிலும் பாடசாலை உடற்பயிற்சி 'டிறில்' என்ற பெயரோடுதான் வந்தது. இந்தியாவில் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களே பெரும்பாலும் 'டிறில் மாஸ்ரர்' ஆனார்கள். இந்த நிலையை மாற்ற முனைந்தவர்களில் ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை அவர் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியருக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது.

இலங்கையில் படித்த எவரும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை மறந்திருக்க மாட்டார்கள். இல்லங்களை அலங்கரித்தது, அணிநடை, நூறு மீற்றர் ஓட்டம் எல்லாம் நினைவிருக்கும். ஆனால் அரிவரிப் பிள்ளைகளுக்கு என்ன வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், சங்கீதக் கதிரை. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுத்தான் பயிற்சி என்று எங்கள் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. பாடசாலை விட்டதும் ஒழுங்கையில் நடந்ததோ இன்னும் பெரிய பாடம். கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு, கெந்திப் பிடித்தல்.

கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். நிலத்தில் நடுக்கோடு ஒன்று, குறுக்குக் கோடுகள் சில. ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்கும். மற்ற அணி தொடுபடாமல் கட்டம் கட்டமாகக் கடந்து திரும்பி வர வேண்டும். கிளியாக நிற்பவர் நடுக்கோட்டிலும் ஓடி மறிப்பார். இதில் ஓட்டம் உண்டு, சட்டென்று நிற்பது உண்டு, ஏய்ப்பது உண்டு, கூட்டாளியைப் பார்த்து நேரம் கணிப்பதும் உண்டு. சுண்ணாம்புக் கட்டி ஒன்றைத் தவிர ஒரு சதம் செலவில்லை. அதைவிட முக்கியம், பல ஊர்களில் ஒருவர் தொடுபட்டால் அவர் மட்டும் வெளியே போவதில்லை, அணிகள் இடம் மாறும். ஆகவே எவரும் ஓரத்தில் குந்தியிருப்பதில்லை. ஒவ்வொருவராக வெளியேற்றும் விளையாட்டில் நடப்பது என்ன? எந்தப் பிள்ளைக்கு ஓட்டம் மிகவும் தேவையோ, அதே பிள்ளை முதலில் வெளியேறிக் கூடிய நேரம் சும்மா இருக்கிறது. சங்கீதக் கதிரையிலும் பிள்ளையை வெளியேற்றாமல் கதிரையை மட்டும் குறைத்து, மிஞ்சியவற்றில் எல்லாரும் நெருங்கி இருக்கச் சொன்னால் சிரிப்பும் கூடும், ஒருவரும் விடுபடவும் மாட்டார்கள்.

நான் கணக்காளன் என்பதால் ஒரு சிறு கணக்கு. ஒரு வகுப்பில் 24 பிள்ளைகள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பாய்கிறார்கள், ஒருவருக்கு அரை நிமிடம். ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். 48 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு முறை, அதாவது இரண்டு நிமிட அசைவு. மீதி 46 நிமிடமும் காத்திருப்பு. அந்த வகுப்பை நான்கு சிறு குழுக்களாகப் பிரித்தாலே அசைவு நான்கு மடங்காகும். கிளித்தட்டு ஆடினால் கணக்கே வைக்கத் தேவையில்லை. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு நிமிடம் எங்கே, 60 நிமிடம் எங்கே?

இத்தாலியும் மெல்ல மெல்ல மாறியே வந்திருக்கிறது. 1985இல் வந்த ஆரம்பப் பாடசாலைப் பாடத்திட்டம் அசைவுக் கல்வி என்ற கருத்தை முன்வைத்து, விளையாட்டை அதன் நடுவில் வைத்தது. 2021 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, 2022-23 கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டில் நான்காம் வகுப்புக்கும், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வரை உடற்கல்விக்கென்றே பட்டம் பெற்ற ஆசிரியர் நியமிக்கப்பட வழி பிறந்தது. 2023 செப்ரெம்பரில் விளையாட்டின் கல்விப் பயன் நாட்டின் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. ஆனாலும் முதல் மூன்று வகுப்புகளில் இந்தப் பாடம் வகுப்பு மாயெஸ்த்ராவின் பொறுப்பில்தான். வடக்கைவிடத் தெற்கில் பலெஸ்த்ரா இல்லாத பாடசாலைகளும் அதிகம், உடற்பருமன் உள்ள பிள்ளைகளும் அதிகம். ஆகவே செலவில்லாத விளையாட்டு வேறெங்கும்விட இங்கேதான் தேவை.

பெற்றோர்களே, இதில் எங்கள் பங்கும் உண்டு. நாள் முழுவதும் பிறர் வீடுகளில் வேலை செய்து களைத்து வரும் எங்களுக்கு, பிள்ளை சத்தமில்லாமல் தொலைக்காட்சிக்கு முன் இருந்தால் அதுவே நிம்மதியாகிவிடுகிறது. உடற்கல்வியைப் படிப்பைத் தின்னும் நேரம் என்று நினைப்பவர்களும், பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். 1878இலேயே ஒரு சட்டம் பெண்பிள்ளையை உள்ளே எடுத்துவிட்டது, நாம் வெளியே எடுக்கக் கூடாது. பத்து வயதுக்குள்ளிருந்தே இங்கே சட்டப்படி வசித்துவரும் பிள்ளைகள், குடியுரிமை இல்லாவிட்டாலும் இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே விளையாட்டுக் கூட்டமைப்புகளில் பதிவு செய்யலாம் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். இதையும் நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் கெந்தி விளையாட்டுக்கு இத்தாலியில் 'கம்பானா' என்று பெயர். கிட்டிப்புள்ளுக்கு 'லிப்பா' என்று பெயர். ஆகவே உங்கள் பிள்ளை கிளித்தட்டை வகுப்புக்குக் கொண்டுபோனால் அது அந்நியமாகத் தெரியாது. மாயெஸ்த்ராவிடம் பேசிப் பாருங்கள். தமிழ்ப் பாடசாலை முற்றத்திலும் வகுப்பு தொடங்குமுன் ஒரு கால் மணி நேரம் ஆடிப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இடம்பெயர்ந்து சிதறியதில் எங்கள் ஊர்களின் விளையாட்டு விதிகளும் சிதறிப் போயின. ஒரே கிளித்தட்டுக்கு ஊருக்கொரு விதி. உங்கள் ஊரில் எத்தனை கோடு, யார் கிளி, தொடுபட்டால் என்ன நடக்கும், தொடங்கும்போது என்ன சொல்வீர்கள் என்பதை எங்கள் வானொலிக்கு வந்து சொல்லுங்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் அவர்களைக் கூட்டி வாருங்கள், நாங்கள் ஒலிப்பதிவு செய்கிறோம். பித்ரே பேனாவால் செய்ததை நாம் ஒலிவாங்கியால் செய்வோம். பதிவான ஒவ்வொரு விளையாட்டையும் அடுத்த ஞாயிறே பிள்ளைகள் ஆடிப் பார்க்கட்டும்.